நுரை பிரஷும் அதைப் பிடிக்கும் கைகளும்

காசு போட்டுத் தாங்களே கார் கழுவிக்கொண்டு போகும் இடங்களில் வாடிக்கையாளரின் கைக்கு வரும் சாமான்கள் இரண்டுதான். ஒன்று உயர் அழுத்தத் துப்பாக்கி, மற்றது நுரை பிரஷ். துப்பாக்கியால் வரும் வம்பு குறைவு. அது காரைத் தொடுவதில்லை, தள்ளி நின்று தண்ணீரை அடிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். பிரஷ் அப்படியல்ல. முன்னால் வந்தவர் அதால் எதைத் தேய்த்தாரோ அது அடுத்தவரின் காரில் போய் உரசும். ஒன்ராறியோவில், முதலில் ஸ்காபரோவிலும் பிறகு குவெல்ஃப் பக்கத்திலும் இந்தத் தொழிலோடு காலம் போயிற்று. அங்கே நான் தீர்த்துவைத்த சண்டைகளில் பெரும்பாலானவை பிரஷில் தொடங்கியவை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவுக்கு வந்த எங்கள் ஆக்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். உணவகச் சமையலறை, தொழிற்சாலையில் இரவு வேலை, காவல் வேலை. எனக்குக் கிடைத்தது கார் கழுவும் இடத்தில் கூட்டித் துடைக்கும் வேலை. முன்னும் பின்னும் திறந்தபடி ஆறு கழுவுமிடங்கள் வரிசையாக இருந்தன. ஊர்ப் பழக்கத்தில் நாங்கள் அவற்றைக் கொட்டில் என்றோம். முதலாம் கொட்டில், இரண்டாம் கொட்டில். பின்னால் இயந்திர அறை. பம்புகள், சோப்புப் பீப்பாய்கள், கொம்பிரசர், தண்ணீரை மென்மையாக்கும் தாங்கி எல்லாம் அங்கேதான். கூட்டுகிற வேலையிலிருந்து அந்த அறைக்குள் போக எனக்கு இரண்டு குளிர்காலம் எடுத்தது. அதற்குள் வாடிக்கையாளர்களைப் பற்றிய பாடத்தில் பாதி முடிந்துவிட்டது.

காலையில் முதல் வேலை பிரஷ்களைக் கழுவுவது. பிரஷைச் சுவரில் சாய்த்து வைத்து, மயிரின் அடியிலிருந்து நுனி வரைக்கும் துப்பாக்கியால் அடிக்க வேண்டும். பிறகு ஈரத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும். கீழே விழுவதைப் பார்த்தால் முதல்நாள் இரவு என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். கறுத்த மெல்லிய தூள் என்றால் யாரோ சில்லுத் தேய்த்திருக்கிறார், அது பிரேக் தூள். ஒட்டுகிற கறுப்பு என்றால் எஞ்சின் கழுவியிருக்கிறார். சரளைக் கல் விழுந்தால் ஏதோ கட்டட வேலை ரக். உடைந்த முன்விளக்கின் கண்ணாடிச் சில்லுகூட ஒருமுறை விழுந்தது. கையுறை போட்டுக்கொண்டு விரலால் கோதிப் பார்க்காமல் பிரஷைத் திரும்ப மாட்டக் கூடாது. ஆயிரம் பிஎஸ்ஐ தண்ணீருக்கும் அசையாத கல் மயிர்க் கற்றையின் அடியில் இறுகிக் கிடக்கும்.

மயிர் தேய்வதைக் கண்ணால் பார்த்தே சொல்லலாம். முதலில் நுனி ஒருபக்கம் சாயும், பிறகு வெளிப்பக்கமாக விரியும். விரிந்துவிட்டால் பிரஷ் கட்டையின் விளிம்பு பெயின்றுக்குக் கிட்ட வந்துவிடும். விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டி ஒன்று இருக்கும். அது கிழிந்த அன்றைக்கே தலையை மாற்ற வேண்டும். இந்தக் கிழமை போகட்டும் என்று இழுத்த முதலாளிகளைக் கண்டிருக்கிறேன். ஒரு கீறல் பிரச்சினைக்குக் கொடுக்கிற காசில் எல்லாக் கொட்டிலுக்கும் புதுப் பிரஷ் வாங்கலாம்.

அந்தக் காலத்தில் எல்லோரும் விரும்பிப் பாவித்தது பன்றி மயிர்ப் பிரஷ். நனைந்தவுடன் மென்மையாகிவிடும், நுரையையும் நன்றாகப் பிடித்து வைத்திருக்கும். ஒருநாள் ஸ்காபரோவில் வழமையாக வரும் சோமாலியர் ஒருவர், ராக்ஸி ஓட்டுபவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு இது என்ன மயிர் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார், பிறகு துப்பாக்கியால் மட்டும் கழுவிக்கொண்டிருந்தார். அவரைப் போல முஸ்லிம்கள் எத்தனையோ பேர் அந்தப் பகுதியில் இருந்தார்கள். முதலாளியிடம் கதைத்து இரண்டு கொட்டிலில் நைலோன் பிரஷ் போட்டு, அதைப் பலகையில் எழுதியும் வைத்தோம். நைலோன் நுரையைக் குறைவாகத்தான் பிடிக்கும், குளிரில் கொஞ்சம் விறைக்கும். ஆனால் கூடக் காலம் உழைக்கும், கெதியாகக் காயும். சில வருடத்தில் எல்லாக் கொட்டிலுக்கும் அதையே போட்டோம். ஒருவர் கேட்கத் துணிந்தால், கேட்காமல் வேறிடம் போனவர்கள் பலர் இருப்பார்கள் என்பதை அப்போதிருந்து மனதில் வைத்திருக்கிறேன்.

நுரை விஷயத்துக்கு வருகிறேன். இயந்திர அறையில் சோப்புத் தண்ணீர் ஒரு குழாயாலும் காற்று இன்னொரு குழாயாலும் வந்து, உள்ளே வலை அடைத்த ஒரு சின்ன உருளையில் சேரும். அங்கே உண்டாகும் நுரை ஹோஸ் வழியாகக் கூரையில் சுழலும் கைக்கு ஏறி, அங்கிருந்து பிரஷுக்கு இறங்கும். காற்றைக் கூட்டினால் நுரை சவரக் கிறீம் போலக் கட்டியாக வரும். பார்க்க நல்ல வடிவு. புது முதலாளிகள் அதைத்தான் விரும்புவார்கள், காரின் மேல் வெள்ளையாக நிற்கும், சோப்பும் மிச்சம். ஆனால் அந்த நுரையில் ஈரம் இல்லை. மயிருக்கும் பெயின்றுக்கும் நடுவில் வழுக்கல் இல்லாவிட்டால் அழுக்கு உருளாமல் இழுபடும். இழுபட்டால் கீறும். நல்ல நுரை கொஞ்சம் ஒழுக வேண்டும். கதவில் பூசினால் மெல்ல வழிந்து கீழே இறங்க வேண்டும். சோப்பில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய் வாடிக்கையாளரை இழந்த இடங்களை எனக்குத் தெரியும்.

நுரை தாமதமாக வருவது அதைவிடப் பெரிய வியாதி. வாடிக்கையாளர் காசு போட்டு, குமிழைத் திருப்பி, பிரஷைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடிகாரம் இறங்கிக்கொண்டிருக்கும். பிரஷ் ஒருமுறை செருமும், கொஞ்சம் தண்ணீர் துப்பும், அரை நிமிடம் கழித்துத்தான் நுரை வரும். தன்னுடைய காசில் அரை நிமிடத்தை நாங்கள் களவெடுத்துவிட்டோம் என்று அவர் நினைப்பார். அது பிழையான நினைப்பும் இல்லை. அநேகமாகக் காரணம் ஒருவழி வால்வு. அது இறுக்கமாக மூடாவிட்டால் ஹோஸில் நிற்க வேண்டிய சோப்பு பின்னால் வழிந்துவிடும், அடுத்தவர் வரும்போது வெறும் ஹோஸ் நிரம்பும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். காற்றுக் குழாயில் உள்ள வால்வு பழுதானால் இன்னும் மோசம். சோப்பு காற்றுப் பக்கத்துக்குள் ஏறி, அங்கே உள்ள மற்ற வால்வுகளையும் பிசுபிசுக்க வைத்துவிடும்.

இதற்கு நான் செய்த ஏற்பாடு சின்னது. காற்றுக் குழாய்களை எல்லாம் நிறமில்லாத, உள்ளே தெரிகிற குழாய்களாக மாற்றினேன். பிரஷ் சோப்பு இளஞ்சிவப்பு. காலையில் அறைக்கதவைத் திறந்தவுடன் ஒரு பார்வை போதும். காற்று போக வேண்டிய குழாயில் எங்கே இளஞ்சிவப்புத் தெரிகிறதோ அந்தக் கொட்டிலின் வால்வை மாற்று. மாற்ற ஐந்து நிமிடம். வால்வுகளை ஒரு பெட்டி நிறைய எப்போதும் வைத்திருப்பேன். மலிவான சாமான். அது இல்லாமல் சனிக்கிழமை ஒரு கொட்டிலை மூடுவதுதான் விலை கூடினது.

குவெல்ஃப் பக்கம் போனபிறகு தண்ணீர் எனக்கு வேறு பாடம் எடுத்தது. ஸ்காபரோவில் வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர், நடுத்தரக் கடினம்தான். குவெல்ஃபில் நிலத்தடித் தண்ணீர். சுண்ணாம்புப் பாறைக்குள்ளால் வருவதால் மிகவும் கடினம். நுரை உருளையைக் கழற்றினால் உள்வலை வெள்ளையாகக் கல்பிடித்திருக்கும். இரவு முழுக்க வினாகிரியில் ஊறவைத்தால்தான் இளகும். மென்மையாக்கும் தாங்கியில் உப்பு முடிந்துபோனால் அதை முதலில் சொல்வது மீற்றரோ மணியோ அல்ல, நுரை பிரஷ்தான். நுரை படுத்துவிடும். சோப்பைக் கூட்டிப் பார், பம்பைத் திருகிப் பார் என்று புது வேலையாட்கள் அலைவார்கள். நுரை ஒரே நாளில் எல்லாக் கொட்டிலிலும் படுத்தால் தண்ணீரைப் பார், ஒரு கொட்டிலில் மட்டும் படுத்தால் அந்தக் குழாயைப் பார். இதை ஒரு மட்டையில் எழுதி அறைச் சுவரில் ஒட்டி வைத்தேன்.

குளிர்காலம்தான் இந்தத் தொழிலின் அறுவடைக்காலம் என்று சொன்னால் ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். வீதிக்குப் போடும் உப்பு காரின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். ஸ்னோ கொட்டி இரண்டு நாள் கழித்து வெயில் எறித்து, பூச்சியத்துக்கு மேல் ஒரு பாகை போனால் வீதி வரைக்கும் வரிசை நிற்கும். அதே காலத்தில்தான் பிரஷ் எங்களைக் கைவிடும். துப்பாக்கிக்கு வழி இருக்கிறது. உறைநிலைக்குக் கிட்ட வந்தவுடன் மெல்லிய தண்ணீர் அதற்குள்ளால் ஓடியபடியே இருக்கும், ஓடும் தண்ணீர் உறையாது. பிரஷுக்குள் அப்படித் தண்ணீரை விட்டால் மயிரில் வழிந்து அங்கேயே உறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பாவிப்புக்குப் பிறகும் கண்ணாடி கழுவும் நீலத் திரவத்தைக் கொஞ்சம் ஹோஸுக்குள் அனுப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்தோம். அதுவும் ஓரளவுக்குத்தான். கடுங்குளிர் நாட்களில் நான் பிரஷ்களைக் கழற்றி அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவேன். ஏன் பிரஷ் இல்லை என்று பத்துப் பேர் ஏசுவார்கள். ஏசட்டும். இறுகிக் கட்டியான மயிரால் ஒருவர் தன் புதுக் காரைத் தேய்த்துவிட்டால் அந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது.

காசுப் பெட்டியையும் சொல்லவேண்டும். 2012ஆம் ஆண்டு கனடா அரசு ஒரு டொலர், இரண்டு டொலர் நாணயங்களின் உலோகத்தை மாற்றி, உருக்கில் முலாம் பூசிய புது நாணயங்களை விட்டது. லூனி, ரூனி என்ற பெயர் மாறவில்லை, நிறை மாறிவிட்டது. எங்கள் பழைய பெட்டிகள் புது நாணயத்தைத் துப்பின. வாடிக்கையாளருக்கு அரசின் அறிவித்தல் தெரியாது. இந்த இடத்துப் பெட்டி காசைத் தின்கிறது என்றுதான் தெரியும். ஒவ்வொன்றாகத் திறந்து புது நாணயத்தைப் படிப்பிக்கும்வரை சட்டைப்பையில் பழைய லூனிகளோடு திரிந்தேன். பிறகு அட்டை வந்தது. காசு சிக்கும் சண்டை குறைந்து வேறு சண்டை வந்தது. அட்டையைத் தட்டியவுடன் இயந்திரம் ஒரு தொகையைப் பிடித்துவைத்து, கழுவி முடித்து நிறுத்தும் பொத்தானை அமத்திய பிறகுதான் உண்மைக் கணக்கை எழுதும். அமத்த மறந்து புறப்பட்டவர்கள் மறுநாள் வங்கிக் கணக்கோடு வருவார்கள். ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்த அறிவித்தலை எடுத்துவிட்டுப் பெரிய சிவப்புக் கைப் படம் ஒன்றைப் பொத்தானுக்கு மேலே ஒட்டினேன். முறைப்பாடு பாதியாகக் குறைந்தது.

காசு போய்விட்டது என்று சொல்பவருக்கு நான் வாதாடாமல் கொடுத்துவிடுவேன். அதே ஆள் அதே மாதத்தில் திரும்பத் திரும்ப வந்தால்தான் பெயரைக் கேட்டு எழுதுவேன். எழுதுவதைக் கண்டவுடன் பொய்க்காரர் வரமாட்டார், உண்மைக்காரர் முழுப் பெயரோடு சொல்வார்.

கீறல் முறைப்பாட்டை அப்படித் தீர்க்க முடியாது. ஒரு ஞாயிறு பின்னேரம் கறுப்புக் காரோடு ஒரு இளைஞர் வந்தார். எங்கள் பெடியன்தான். பின்கதவில் நீளமாக ஒரு கோடு. “அண்ணை, உங்கட பிரஷ் என்ர காரை நாசமாக்கிப்போட்டுது” என்று குரலை உயர்த்தினார். நான் முதலில் செய்தது அவரை நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனது. வெயிலில் கறுப்புக் காரைப் பார்த்தால் எல்லாமே கீறலாகத் தெரியும். கோட்டைத் துடைத்துவிட்டு நகத்தை அதற்குக் குறுக்கே மெல்ல இழுக்கச் சொன்னேன், அவருடைய நகத்தால், என்னுடையதால் அல்ல. நகம் தடக்கியது. பிரஷில் உள்ள மணல் போடும் கீறல் மெல்லியது, ஒன்றாக இராது. கை வீசும் வளைவில் பல கோடுகள் பக்கம்பக்கமாகப் போகும், நகம் தடக்காது. இது ஒற்றைக் கோடு, ஆழம், கைப்பிடியில் தொடங்கிப் பின்னுக்குப் போகிறது. கோட்டின் அடியில் அரக்கு நிறத்தில் துரு. “தம்பி, துருப்பிடிக்க நாள் வேணும். இது இண்டைக்கு விழுந்ததில்லை” என்றேன். பேசாமல் நின்றார். பிறகு, யாரோ திறப்பால் இழுத்திருக்கிறார்கள் போல என்று அவரே சொன்னார். நுரை போட்டபோதுதான் அவர் அதை முதன்முதலாகக் கண்டிருக்கிறார். அழுக்கு மூடிவைத்திருந்ததைக் கழுவினால் கண்ணில் படும், பழி பிரஷுக்கு வரும். பெரும்பாலான முறைப்பாடுகள் இந்த வகைதான்.

எல்லாமே இந்த வகை என்று சொல்ல வரவில்லை. வளைந்த மெல்லிய கோடுகளோடு உண்மையாகவே வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு மெருகு போட்டுக் கொடுக்கும் செலவை ஏற்றோம். பலகையில் ‘சொந்தப் பொறுப்பில் பாவிக்கவும்’ என்று எழுதியிருக்கிறதே என்று சட்டம் கதைக்கும் முதலாளியோடு நான் ஒத்துப்போனதில்லை. பலகை சட்டத்துக்கு. அடுத்த கிழமை அவர் திரும்பி வருவாரா என்பதைப் பலகை தீர்மானிக்காது. பலகையில் எழுத வேண்டியது வேறு இரண்டு வரி: முதலில் துப்பாக்கியால் அழுக்கை இறக்குங்கள், பிறகு பிரஷையும் துப்பாக்கியால் கழுவிவிட்டுத் தொடுங்கள். இதைச் செய்பவரின் காரில் கீறல் விழுவது அரிது.

குவெல்ஃப் பக்கம் பண்ணை நாடு. வசந்தத்தில் சேற்றுக்குள் விளையாடிவிட்டு வரும் பிக்கப்புகள் ஒவ்வொன்றும் அரை வண்டில் மண்ணைக் கொட்டிவிட்டுப் போகும். மண் கொட்டிலின் நடுவில் உள்ள குழிக்குள் இறங்கும். குழி நிரம்பினால் உறிஞ்சும் ரக் கூப்பிட வேண்டும், அந்தச் செலவு கைக்கடிக்கும். அடுத்து வருபவர் சப்பாத்து நனையச் சேற்றில் நிற்க வேண்டும். சிலர் கல்லும் மண்ணும் அப்பிய பின்பெட்டியைப் பிரஷாலேயே கூட்டித் தள்ளுவார்கள். இவர்களை விரட்டிப் பார்த்த இடங்களில் இரவில் வந்து பழிவாங்கிவிட்டுப் போனார்கள். ஹோஸ் அறுபடும், குப்பை வாளி கவிழும். நான் ஒரு ஓரக் கொட்டிலைச் சேற்று வண்டிகளுக்கென்று ஒதுக்கி, அதில் நுரை பிரஷைக் கழற்றிவிட்டு, சுவரில் ஒரு சவளும் கட்டைத் தும்புத்தடியும் மாட்டிவைத்தேன். நானும் ஒரு தும்புத்தடியோடு அந்தப் பக்கம் போய்க் கூட்டத் தொடங்குவேன். ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஒரு வயதானவர் தன்னுடைய மண்ணைக் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அந்தப் பெடியங்களில் பலருக்கு மனம் வராது, சவளை எடுப்பார்கள். எடுக்காதவர்களின் இலக்கத்தகட்டைக் குறித்துவைப்பேன்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. இரவில் கொட்டிலுக்குள் எஞ்சின் எண்ணெய் மாற்றுபவர்கள், பெயின்ற் வாளி கழுவுபவர்கள், சீமெந்துக் கலவை வண்டில் கழுவுபவர்கள். எண்ணெய்ப் பிரிப்பான் குழியைத் தாண்டி அது நகரச் சாக்கடைக்குள் போனால் நகரசபை பிடிப்பது ஊற்றியவரை அல்ல, இடத்துக்காரரை. சீமெந்து குழிக்குள் இறுகினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இவர்களுக்கு ஒரே சொல்: இப்போதே நிறுத்துங்கள், உங்கள் காசு இந்தாருங்கள். கமராப் படத்தை எடுத்துவைத்துவிடுவேன்.

எங்கள் ஆக்களைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை. புதுக் கார் எடுத்தால் கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனை செய்வது வழக்கம். அடுத்த நாள் சந்தனமும் குங்குமமும் காய்ந்த பொனற்றோடு கழுவ வருவார்கள். காய்ந்த சந்தனத்தை நேரே பிரஷால் தேய்க்கக் கூடாது. வெந்நீரால் நனைத்து ஊறவிட்டுத் துப்பாக்கியால் இறக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தால் சந்தோசமாகக் கேட்பார்கள். வாளியோடு வந்து பிரஷ் நுரையை வாளிக்குள் நிரப்பி, சனிக்கிழமை நெருக்கடியில் ஒரு மணித்தியாலம் கொட்டிலைப் பிடித்துவைத்த ஐயா ஒருவரும் இருந்தார். மற்றவர்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்குவார்கள். “ஐயா, செவ்வாய்க்கிழமை காலமை வாங்கோ. ஒருத்தரும் இருக்கமாட்டினம், ஆறுதலாக் கழுவலாம்” என்றேன். செவ்வாய்க்கிழமைகளில் வரத் தொடங்கினார். தன் காரைக் கழுவி முடித்துவிட்டு மற்றக் கொட்டில்களின் பிரஷ்களையும் எடுத்துத் தட்டிப் பார்ப்பார், கல் இருந்தால் எனக்குக் காட்டுவார்.

கோபத்தோடு நிற்பவரின் காரில் கை வைக்கக் கூடாது. அவருக்கும் வெளியேறும் வழிக்கும் நடுவில் நிற்கக் கூடாது. அவர் முகத்துக்கு நேரே கைத்தொலைபேசியைப் பிடிக்கக் கூடாது. பிரஷைக் கண்ணாடியிலோ கூரைக் கம்பியிலோ கொழுவியபடி காரை எடுத்துக் கூரைக் கையையே இழுத்து உடைப்பவர்களும் உண்டு. அவர்களில் அநேகம் பேர் களைத்துப்போய் வேலை முடிந்து வந்தவர்கள். முதலில் ஆளுக்குக் காயமா என்று கேட்டுவிட்டு உடைந்ததைப் பிறகு பார்ப்பேன்.

இப்போது எங்கள் ஆக்கள் சிலர் இப்படி இடங்களை வாங்க விசாரித்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். கணக்குப் புத்தகத்தைத்தான் முதலில் விரிக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இது. விற்பவருக்குச் சொல்லாமல் ஒரு மத்தியானம் போங்கள். உங்கள் காசைப் போட்டு, நுரை எத்தனை விநாடியில் வருகிறது என்று பாருங்கள். பிரஷைத் தரையில் தட்டி என்ன விழுகிறது என்று பாருங்கள். ரப்பர் பட்டியை விரலால் தடவுங்கள். குழிக்குள் எட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கொட்டிலிலும் இதைச் செய்யுங்கள். அதற்குப் பிறகு கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள்.